காட்டோரத்தில் நரிக்குச் சோறு வைக்கலாமா?

மாங்குளத்தான்:
எங்கள் வளவு காட்டோரம். குளம் வற்றத் தொடங்கியதிலிருந்து இரண்டு நரிகள் பொழுதுபட்டதும் வேலிக்கு வருகின்றன. மீந்த சோற்றையும் மீன் தலையையும் வைக்கிறேன். தின்றுவிட்டுப் பேசாமல் போய்விடுகின்றன. நேற்று அயலவர் வந்து சண்டை பிடித்தார். காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். பசித்த வாய்க்கு ஒரு பிடி போடுவது பிழையா?

வயற்கரை:
தம்பி, அது பசியில் வருகிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பாலைப்பழம் உதிரும் காலம் இது. எங்கள் குளக்கட்டில் கிடக்கும் நரி எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன்: எலி மயிர், வண்டு ஓடு, பழக்கொட்டை. கடைத்தெருப் பக்கம் கிடப்பதில் கோழி இறகும் பொலித்தீன் துண்டும். இரண்டும் ஒரே சாதி நரிதான். வரம்பைத் துளைத்து நெற்கதிரை அறுக்கும் எலியை இரவு முழுவதும் கூலியில்லாமல் பிடித்துத் தரும் காவல்காரனை நீங்கள் வேலிக்கரையில் உட்கார வைத்துவிட்டீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மல்லாவி வாசகன்:
அக்கா சொல்வது ஒரு பக்கம்தான். 2016இல் செர்பிய நரிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. அங்குள்ளவையும் நம்முடைய நரியின் இனமே. ஆண்டுக்கு 3,700 தொன்னுக்கு மேற்பட்ட விலங்குக் கழிவை அவை தின்று அகற்றுகின்றன என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். இறைச்சிக்கடைக் கழிவு வீதியோரம் நாறிக் கிடக்கும் ஊரில் இது சிறிய உதவியா? மனிதர் உணவு நரியைக் கெடுக்கும் என்பது வெறும் அச்சம்.

வயற்கரை:
அதே ஆய்வில் அடுத்த கணக்கையும் சொல்லுங்கள், தம்பி. ஆண்டுக்கு 1 கோடியே 32 இலட்சம் வயல் எலிகள்! கழிவால் வயிறு நிறைந்த நரி எதற்கு எலி வளை தோண்டப்போகிறது? கழிவை அகற்றுவது நம் கடமை. அதை நரியின் தலையில் கட்டாதீர்கள்.

விலங்கியல் மாணவி:
மனிதர் உணவு உடலுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது, அண்ணா. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்ட் நகரில் கிட் நரி என்ற சிறு நரிகள் வாழ்கின்றன. அவற்றின் மயிரையும் ஊர்மக்களின் தலைமயிரையும் ஐசோடோப்பு முறையில் (தின்ற உணவு மயிரில் விட்டுச்செல்லும் அணு அடையாளத்தை அளக்கும் சோதனை) ஒப்பிட்டபோது இரண்டும் ஒத்துப்போயின. இரு தரப்பும் ஒரே வகை உணவைத் தின்கிறார்கள் என்பதையே அது காட்டுகிறது. அந்த நகர நரிகளின் இரத்தத்தில் கொலஸ்திரோலும் காட்டு நரிகளைவிட அதிகம். அவுஸ்திரேலியாவின் தனாமிப் பாலைவனத்தில் சுரங்கக் குப்பைமேட்டை அண்டிய டிங்கோ என்ற காட்டு நாய்கள் சுற்றித் திரியும் பரப்புச் சுருங்கியது, கூட்டம் பெருத்தது.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் நாய்கள்தான். சோறு வைத்த இடத்துக்குக் கட்டாக்காலி நாயும் வரும். ஒரே தட்டுக்குச் சண்டை பிடித்துக் கடிபட்டால், விசர்நோய் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போகும். இலங்கையில் நரியைத் தவிர வேறு காட்டு நாயினம் கிடையாது. இதையும் இழந்தால் ஊளைச் சத்தத்தை எங்கே போய்க் கேட்பது?

மாங்குளத்தான்:
நாயைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மூன்று நாய்கள் வருவது உண்மை. ஆனால் இன்றைக்கே நிறுத்தினால், ஒரு மாதம் பழகியவை எங்கள் ஆட்டுக்குட்டியில் வாய் வைக்காதா?

வயற்கரை:
சில நாள் வந்து பார்க்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் விலகும். அதுவரை குட்டிகளையும் கோழிகளையும் பொழுதுபட முன்னரே பட்டியிலும் கூட்டிலும் அடையுங்கள். மீன் கழிவை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து, மண்ணை நன்றாக மிதித்து மூடுங்கள். மேலாகப் போட்டால் கிளறிவிடும்.

மல்லாவி வாசகன்:
வீட்டுச் சோற்றை நிறுத்தச் சொல்வதை ஏற்கிறேன். வீதியோரக் கழிவு மூட்டைகள் மட்டும் அப்படியே கிடந்தால் இந்த நரிகள் நாளை அங்கேதான் நிற்கும். பிரதேச சபைக்கு ஊரவர் சார்பில் மனு எழுதுகிறேன். கையெழுத்திடுபவர்கள் கீழே சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
என் பெயரைச் சேருங்கள்.