புதுப்பிப்பு: எல்சிடி காப்புரிமைக் கோரிக்கை, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா?

எல்சிடி திரையின் இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே இடைவெளியைக் காக்கும் ஸ்பேசர் தூணை, பிக்சல்களுக்கு நடுவே வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புப் படலமான பிளாக் மேட்ரிக்ஸுக்கு நேராக வைக்கும் எங்கள் அமெரிக்கக் காப்புரிமைக் கோரிக்கையை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதி), இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்தால் எளிதில் தோன்றக்கூடியதே என்று காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது சரியா என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

"இரண்டையும் சேர்க்க என்ன காரணம் என்று தேடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007 கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் காரணம் ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் இங்கே எழுதியே இருந்தது: முதல் ஆவணத்தின் பின்னணிப் பத்தியில், தூணைச் சுற்றித் திரவப் படிகத்தின் ஒழுங்கு கலைந்து, திரை கறுப்பாக இருக்கும்போது வெளிச்சம் கசிகிறது என்று ஒரே ஒரு வரி. அதை மறைக்கத்தானே பிளாக் மேட்ரிக்ஸ்! சரி, அந்தக் கோரிக்கை நிற்காது.

எதிர்பாராதது என்னவென்றால், இரண்டு உயரத் தூண்களைப் பற்றிய சார்புக் கோரிக்கையை (முதல் கோரிக்கையோடு கூடுதல் அம்சம் ஒன்றைச் சேர்ப்பது) இரண்டு ஆவணங்களும் தொடவே இல்லை. அதை முதல் கோரிக்கைக்குள் சேர்த்துத் திருத்தினோம், அப்புறம் அனுமதி வந்துவிட்டது.