மூளை வேலை செய்தால் கட்டி வளருமா?

மதுரைக்காரி: மிஷெல் மோன்ஜேக்கும் ஃபிராங்க் விங்க்லருக்கும் மூளை ஆராய்ச்சிக்கான 2025 பிரெயின் பிரைஸ் கொடுத்தாங்களே, எதுக்கு? "யோசிச்சாலே மூளையில கட்டி வளரும்"னு வாட்ஸ்அப்ல வந்ததைப் பார்த்து எங்க மாமி குறுக்கெழுத்தையே நிறுத்திட்டாங்க!

லேப்கோட்டு: மாமியைத் தைரியமா போடச் சொல்லுங்க. அது ஏற்கெனவே இருக்கிற க்ளையோமாங்கிற மூளைப் புற்றுக்கட்டியைப் பத்தின ஆராய்ச்சி. ஸ்டான்ஃபோர்டுல மோன்ஜே குழு எலி மூளைக்குள்ள ஒளி பாய்ச்சி நரம்பு செல்களைத் தூண்டிவிட்டாங்க. 2014-ல கிடைச்சது நல்ல சேதி: நரம்பு இழைகளைச் சுத்தியிருக்கிற மயலின் உறையை உண்டாக்குற முன்னோடி செல்கள் பெருகுச்சு, உறையும் தடிச்சுது. சிதைஞ்ச மயலினைச் சரிபண்ண அதுல ஒரு நம்பிக்கை. ஆனா 2015-ல பார்த்தா, அதே தூண்டுதல்ல க்ளையோமாவும் வளருது! நியூரோலிஜின்-3ங்கிற புரதம் அதுக்குத் துணை. 2019-ல இன்னும் மோசம். கம்பத்துல கொக்கி போட்டு கரண்ட் திருடுற மாதிரி, புற்றுசெல்கள் நரம்பு செல்களோட சினாப்ஸ் (சேதி கடத்துற இணைப்பு) போட்டுக்குது. ஜெர்மனியில விங்க்லர் குழுவும் தனியா இதையே கண்டாங்க.

மதுரைக்காரி: கொக்கியைப் பிடுங்க மருந்து இருக்கா?

சேலம்பார்மசி: வலிப்புக்குக் கொடுக்கிற பெரம்பனெல், எலியில கட்டியோட வளர்ச்சியைக் குறைச்சுது. மனுஷங்களுக்குச் சோதனை அளவுலதான். யாரும் நம்ம கடைக்கு வந்து கேட்காதீங்க சாமி.