செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மென்பொருள்: இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பிட்மாறி:
கலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று கவனிக்கும் கோணக் கட்டுப்பாட்டு டாஸ்க்கை (மென்பொருளில் தனியாக ஓடும் ஒரு வேலை) சிமுலேட்டரோடு இணைத்து ராத்திரி முழுக்க ஓட விட்டிருந்தோம். காலையில் டெலிமெட்ரி, அதாவது கலம் அனுப்பும் அளவீடுகள், முழுக்கப் பச்சை. கோணப் பிழை 0.02 டிகிரி. பிரமாதம் என்று எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் இடித்தது. சுழற்சியை அளக்கும் கைரோ என்றால் கடைசி இலக்கமாவது ஆட வேண்டாமா? ஆடவே இல்லை. கலத்தைத் திருப்பும் ரியாக்‌ஷன் வீல் வேகமும் அதே எண். டாஸ்க் எப்போதோ நின்றுவிட்டது, டெலிமெட்ரி பஃபரில் தேங்கிய பழைய எண்களையே அனுப்பிக்கொண்டிருக்கிறது. சிமுலேட்டர் பக்கம் பார்த்தால் கலம் அது பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது!

மென்பொருள் உறைந்தால் கணினியை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் ஏன் கடிக்கவில்லை என்கிறீர்களா? 'உயிரோடு இருக்கிறேன்' என்று அதைத் தட்டிவிடும் வரி, டாஸ்க்குகளை இடைமறித்துத் தானாக ஓடும் டைமர் இன்டரப்ட்டில் இருந்தது. டாஸ்க் செத்தாலும் இன்டரப்ட் சாகாதே.

சுழல்சக்கரம்:
எங்களுக்கும் இப்படி ஒன்று: லாக் எழுதும் டாஸ்க் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) விடாமல் பிடித்ததில் வீல் கட்டளை கெடு தவறிப் போனது. அதை விடுங்கள். வாட்ச்டாக்கை இடம் மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1997-இல் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் கலத்தில் கெடு தவறியதைக் கணினி கண்டுபிடிக்கத்தான் செய்தது. ஆனால் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலைத் தரவு டாஸ்க் முன்னுரிமையில் தாழ்ந்தது, மியூடெக்ஸ் அதன் கையில். நடுத்தர டாஸ்க்குகள் குறுக்கே புகுந்து ஓட, முன்னுரிமையில் மேலே இருந்த, தரவுப் பாதையை நிர்வகிக்கும் பஸ் டாஸ்க் காத்துக் கிடந்தது. காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பிடித்திருப்பவருக்குக் கடன் கொடுக்கும் அமைப்பை இயக்கியதும் சரியானது. ஆகவே முதலில் உங்கள் மியூடெக்ஸ்களை எல்லாம் எண்ணுங்கள். எந்த டாஸ்க் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து எழுதுங்கள், சராசரி அல்ல, மிக மோசமான நேரம். இன்டரப்ட்டுக்குள் மெமரி ஒதுக்காதீர்கள். அப்புறம் சுழற்சி எண் ஒன்றை டெலிமெட்ரியில் சேருங்கள், உறைந்தால் உடனே தெரியும்.

நட்சத்திரநோக்கி:
@சுழல்சக்கரம் ரீசெட்டை இளக்காரமாகப் பேச வேண்டாம். 1994-இல் க்ளமென்டைன் என்ற விண்கலம் நிலாச் சுற்றுப்பாதையை விட்டுக் கிளம்பிய பிறகு கணினிக் கோளாறில் த்ரஸ்டர்கள் (கலத்தைத் தள்ளும் சிறு எஞ்சின்கள்) 11 நிமிடம் எரிந்தன. எரிபொருள் காலி, கலம் நிமிடத்துக்கு 80 சுற்று வேகத்தில் சுழன்றது. அங்கே நேரத்துக்கு ஒரு ரீசெட் நடந்திருந்தால்?

என் கதை: நட்சத்திரங்களைப் பார்த்துக் கலத்தின் கோணத்தைச் சொல்லும் ஸ்டார் சென்சர் தந்த குவாட்டர்னியனின் (கோணத்தை நான்கு எண்களில் எழுதும் முறை) நான்கு எண்களும் ஒரே சுழற்சியில் குறி மாறின. குறி மாறினாலும் கோணம் அதேதான், கணக்கில் தப்பில்லை. ஆனால் கட்டுப்பாட்டு விதிக்கு அது தெரியாதே! நேராக நின்ற கலத்தை முழு வட்டம் திருப்பக் கிளம்பிவிட்டது. மேசையில் இருந்த நிஜ வீல் 'ஙொய்ங்'கென்று ஏறிய சத்தத்தில் ஒருவர் பவர் சுவிட்சுக்கே பாய்ந்தார்.

பிட்மாறி:
@சுழல்சக்கரம் யோசனை கேட்கவில்லை, ஆனாலும் சுழற்சி எண் நல்ல விஷயம். இப்போது எல்லா டாஸ்க்கும் கொடி உயர்த்தினால்தான் வாட்ச்டாக் தட்டப்படும்.
@நட்சத்திரநோக்கி குறியை எப்படித் தீர்த்தீர்கள்? நான்கில் ஸ்கேலர் எனப்படும் எண் எதிர்மறையானால் புரட்டுகிறீர்களா, முந்தைய அளவோடு ஒப்பிட்டா?