சாவிக்கொத்து கனத்தால் வண்டி பூட்டு கெடுமா? வீட்டில் குவிந்து கிடக்கும் கீசெயின்களை என்ன செய்வது?

கடைத்திறப்பு:
எல்லோருக்கும் வணக்கம். சின்னதாக ஒரு ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். ஷட்டருக்கு இரண்டு பக்கமும் பூட்டு, நடுவில் சென்டர் லாக், அப்புறம் கல்லாப்பெட்டி, வீட்டு கிரில் கேட், நிலைக்கதவு, பீரோ, ஸ்கூட்டர் என்று எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில்தான் கிடக்கிறது. கூடவே திருப்பதியில் வாங்கிய பெருமாள் கீசெயின், மகள் போட்டோ போட்ட அக்ரிலிக் ஒன்று, பாட்டில் ஓப்பனர் ஒன்று (யார் கொடுத்தார்களோ, எங்கள் வீட்டில் அதற்கு வேலையே இல்லை). வண்டி ஓட்டும்போது இந்தக் கொத்து தொங்கித் தொங்கி முன் பேனல் முழுக்கக் கீறல். இப்போது சாவியைப் போட்டு நாலு தடவை ஆட்டினால்தான் ஆன் ஆகிறது. மெக்கானிக் லாக் செட்டையே மாற்றச் சொல்கிறார். கனத்தால் நிஜமாகவே இப்படி ஆகுமா, இல்லை செலவு வைக்கப் பார்க்கிறாரா?

இன்னொன்று, கல்யாணம், பிறந்தநாள், கம்பெனி டைரியோடு வந்தது என்று டிராயர் நிறைய கீசெயின். தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஸ்பேனர்செட்:
ஆகும் மேடம். பூட்டுக்குள் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும், சாவியில் இருக்கும் வெட்டுகள்தான் அவற்றைச் சரியான உயரத்துக்கு நகர்த்தும். பள்ளத்தில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொத்து கீழே இழுக்கிறது, சாவியும் தேய்கிறது, தகடும் தேய்கிறது. ஆனால் லாக் செட் மாற்றும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வண்டி வாங்கியபோது இரண்டு சாவி கொடுத்திருப்பார்கள், ஒன்று பீரோவில் புதுசாகவே தூங்கும். அதைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் தேய்ந்தது சாவிதான், பூட்டு தப்பித்தது. அந்தப் புதுச் சாவியை வைத்து டூப்ளிகேட் வெட்டுங்கள், தேய்ந்ததைக் கொடுத்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்டித் தருவான்.

கனம் ஒரு விஷயமா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் ஸ்விட்ச் கோளாறுக்காகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த ஸ்விட்ச் தளர்வு, கொத்தின் கனமோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும்போதே இன்ஜின் ஆஃப் ஆகிவிடும், ஏர்பேக்கும் விரியாது. சரி செய்யும் வரை வளையத்தில் கார் சாவியைத் தவிர எதுவும் மாட்டாதீர்கள் என்று கம்பெனியே சொன்னது. தப்பு ஸ்விட்சுடையதுதான், ஆனாலும் வண்டி சாவியைத் தனியாக வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம், சாவியோடு நம்பர் அடித்த சின்னத் தகடு ஒன்று வந்திருந்தால் அதை வளையத்தில் விடாதீர்கள். அந்த நம்பரை வைத்தே புதுச் சாவி செய்ய முடியும். வீட்டில் ஆர்சி புக்கோடு வையுங்கள்.

மல்லிகாடீச்சர்:
பீரோ சாவி ஏன்மா தெருவுக்கு வருகிறது? அது வீட்டை விட்டே வெளியே போகக் கூடாது. எங்கள் ஆச்சி இடுப்பில் வெள்ளிக் கொத்து செருகியிருப்பார், அதில் வீட்டுச் சாவி மட்டும்தான், அவர் நடந்து வரும் சத்தத்திலேயே நாங்கள் வடையை ஒளித்துவிடுவோம்.

வீடு ஒரு வளையம், கடை ஒரு வளையம், வண்டி தனி. அந்த டிராயர் கீசெயின்களுக்கு இங்கேதான் வேலை. இருட்டில் ஷட்டர் முன்னால் நின்று துழாவும்போது கண்ணை விட விரல்தான் உதவும், அதனால் கடைக்கு மரத்தில் செய்தது, வீட்டுக்கு ரப்பர் பொம்மை என்று தொட்டாலே தெரிகிற மாதிரி மாட்டுங்கள். ஷட்டரின் இடது, வலது சாவித் தலையில் இரண்டு நிற நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. மிச்சம் இருப்பதை மகளின் ஸ்கூல் பேக்கில் ஜிப் பிடி உடைந்த இடத்தில் மாட்டலாம், ஊருக்குப் போகும்போது ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே உங்கள் பெட்டிக்கு அடையாளமாகவும் ஆகும். வளையத்தைப் பிரிக்க நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடையிலேயே ஸ்டேப்ளர் பின் பிடுங்கும் கிளிப் இருக்குமே, அதன் பல்லை நடுவில் விட்டு அழுத்தினால் திறந்துகொள்ளும்.

வீட்டு முகவரி எழுதிய அட்டையை மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள். தொலைந்தால் திருடனுக்குச் சாவியும் கிடைக்கும், வழியும் தெரியும். போன் நம்பர் போதும்.

சிங்கைவாசி:
இங்கே சிங்கப்பூரில் பல சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியை எடுக்க ஒரு டாலர் காசு செருக வேண்டும், அதனால் காசு அளவில் வட்டத் தகடு தொங்கும் கீசெயின் எல்லோரிடமும் இருக்கும். கீசெயினால் எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

சாவியைத் தேடும் பழக்கம் இருந்தால் ப்ளூடூத் டேக் பாருங்கள். ஆப்பிள் கம்பெனியின் ஏர்டேக் 2021-ல் வந்தது, உள்ளே காசு மாதிரி சிஆர் 2032 பேட்டரி, ஏறக்குறைய ஒரு வருடம் வரும். ஆனால் அதில் ஓட்டை கிடையாது, மாட்டுவதற்கு உறை தனியாக வாங்கணும். வெளியே தொலைந்தால் பக்கத்தில் போகிறவர்களின் ஆப்பிள் போன்கள் வழியாகத்தான் இடம் தெரியும். உங்களிடம் ஆண்ட்ராய்டு என்றால் அதற்கானதை வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பேட்டரி கவனம், விழுங்கிவிட்டால் ஆபத்து.

விமானத்தில் போகிறவர்கள், கீசெயினில் தொங்கும் குட்டிக் கத்தியைக் கழற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். செக்யூரிட்டியில் பிடுங்கிக்கொள்வார்கள்.

பூட்டூர்க்காரன்:
திண்டுக்கல்லிலிருந்து ஒரு வருத்தம். எங்கள் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, இங்கே ஒருத்தர்கூடப் பூட்டைப் பற்றிப் பேசவில்லை, எல்லாம் கீசெயின்தான் 😄

கடைத்திறப்பு:
ஸ்பேனர்செட் அண்ணா, பீரோவில் இருந்த சாவி வெண்ணெய் மாதிரி திரும்புகிறது! நாளைக்கே டூப்ளிகேட். டீச்சர், பின் பிடுங்கும் கிளிப் கடையில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, இந்த வேலை அதற்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஷட்டர் பூட்டு ஒன்று மழைக்கு இறுகுகிறது, தேங்காய் எண்ணெய் விடலாமா?

ஸ்பேனர்செட்:
வேண்டாம் மேடம், இப்போதைக்கு இளகும், அப்புறம் தூசியைப் பிடித்து உள்ளே களிம்பாகிவிடும். பென்சில் விற்கிற கடைதானே, கறுப்பு லெட்டைப் பொடி பண்ணிச் சாவியில் தடவி நாலு முறை போட்டு எடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் முதலில் மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பொடி.