பாயிண்ட் டிஸ்டிரிபியூட்டரை எலெக்ட்ரானிக் முறைக்கு மாற்றுவது பற்றி

கேள்வி:
கார்புரேட்டர் பொருத்திய பழைய 4 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். டிஸ்டிரிபியூட்டரில் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கருவி) புதிய பாயிண்டும் (மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் உண்டாக்கும் தொடுமுனைகள்) கண்டென்சரும் போட்டு, பாயிண்ட் இடைவெளியைக் கையேட்டின்படி 0.4 மி.மீ. வைத்த பிறகும், டைமிங் லைட்டில் (ஸ்பார்க் விழும் கணத்தில் மின்னும் விளக்கு) பார்த்தால் புல்லியின் குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் தாவுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் என்ஜின் ஒரு கணம் திணறுகிறது. பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் மாட்யூல் பொருத்தினால் இவ்விரண்டும் தீருமா?

மறுமொழி 1:
மாட்யூல் வாங்கும் முன் டிஸ்டிரிபியூட்டரின் கேப்பையும் (மூடி) ரோட்டாரையும் (தண்டின் மேல் சுழலும் பாகம்) கழற்றிவிட்டு, அதன் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். தண்டு ஆடும்போது காமின் (தண்டில் பாயிண்டைத் திறக்கும் மேடுள்ள பகுதி) ஒவ்வொரு முனையிலும் பாயிண்ட் திறக்கும் அளவு வேறுபடுவதால், ஸ்பார்க் விழும் நேரமும் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறிவிடும். மாட்யூலின் காந்த சென்சார் இந்த ஆட்டத்தைப் பாயிண்டைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும், தேய்ந்த புஷ் தேய்ந்ததாகவே இருக்கும். தண்டு உறுதியாக இருந்தால் டைமிங் செயின் தளர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

திணறலுக்கு வேறு காரணம் இருக்கலாம். வேக்குவம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சு விசையால் ஸ்பார்க்கை முன்னதாக்கும் அமைப்பு) குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளே இருக்கும் தட்டு நகர வேண்டும். நுனியை நாக்கால் அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அதன் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கிறது. ரோட்டாரைச் சுழலும் திசையில் சற்றே திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னதாக்கும் அட்வான்ஸ் எடைகள் துருவில் சிக்கியுள்ளன. எந்த மாட்யூலும் இவற்றைச் சரிசெய்யாது.

மறுமொழி 2:
மேலே சொன்னவை சரியாக இருந்தால் பாயிண்டையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. காம் மீது உரசும் நார்க்கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். ஆகவே காமில் மெல்லிய கிரீஸ் பூச்சு அவசியம். எப்போதும் இடைவெளியை முதலில் வைத்து, டைமிங்கை அதன் பிறகே சரிபாருங்கள்.

மறுமொழி 3:
எலெக்ட்ரானிக்குக்கு மாறுவதானால், காயிலுக்கு (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் சுருள்) முன் பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குச் செல்லும் வோல்ட்டைக் குறைக்கும் மின்தடை) உள்ளதா என்று முதலில் கண்டறியுங்கள். பெரும்பாலான மாட்யூல்களுக்கு முழு 12 வோல்ட் தேவைப்படும் என்பதால், மாட்யூலுக்கான ஒயரை ரெசிஸ்டருக்கு முன்பிருந்தே எடுக்க வேண்டும். காயிலின் ஓம் அளவு மாட்யூலுக்குப் பொருந்த வேண்டும்; குறைந்த ஓம் காயிலைப் போட்டால் மாட்யூல் சூடாகி எரியும். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்த) வண்டிக்கு அதற்கென்று உள்ள மாட்யூல்தான் வேண்டும். என்ஜின் ஓடாதபோது இக்னிஷனை நெடுநேரம் ஆன் நிலையில் விடாதீர்கள். கழற்றிய பாயிண்ட், கண்டென்சர், தட்டு மூன்றையும் வண்டியிலேயே வைத்திருங்கள். மாட்யூல் பழுதடைந்தால் வழியிலேயே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.