மிருதங்க ஒலியியல்: இளநிலை மாணவர்கள் அளந்ததைக் கட்டுரையாக வெளியிடலாமா?

கணுக்கோடு:
பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டுத் திட்டமாக மிருதங்கத்தின் அதிர்வெண்களை அளக்கக் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் அளந்து முடித்த மறுவாரமே "பேப்பர் போடலாம்" என்று வழிகாட்டிகள் கிளம்புவதை நான் எதிர்க்கிறேன். சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் இதை எழுதிவிட்டார். வெறும் வட்டத் தோலின் அதிர்வெண்கள், அடி அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால், 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கில்லாமல் போகும். வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) சோறு, அதாவது நடுவில் அப்பும் கருப்புப் பசை, வைத்ததும் முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் 1 முதல் 5 வரையான ஐந்து ஹார்மோனிக்குகளில் (அடி அதிர்வெண்ணின் முழு மடங்குகளில்) அடங்கிவிடுகின்றன. தோலில் மெல்லிய மணலைத் தூவி, அதிரும்போது அசையாமல் நிற்கும் கணுக்கோடுகளையே கண்ணுக்குக் காட்டினார். இதை மாணவர் மறுபடி செய்து பார்ப்பது அருமையான பாடம். ஆனால் அதில் புதுச் செய்தி எங்கே இருக்கிறது?

அலைமுகம்:
ராமனோடு முடிந்துவிட்டதென்றால் 1954இல் ராமகிருஷ்ணாவும் சோந்தியும் ஏன் எழுதினார்கள்? நடுவட்டம் கனமாகவும் வெளிவட்டம் லேசாகவும் உள்ள இரட்டைத் தோலாகக் கொண்டு அவர்கள் கணக்குப் போட்டார்கள். 2009இல் சதேஜும் அதிகாரியும் இன்னொரு படி போய், சோற்றின் விளிம்பில் அடர்த்தி சட்டென்று மாறாமல் சரிந்து இறங்குவதாக எடுத்துக் கணித்தார்கள். ஒவ்வொரு வாத்தியத்திலும் அந்தச் சரிவு எப்படி இருக்கிறது என்பதை மாணவரால் அளக்க முடியும். கோட்பாட்டுக்குத் தேவைப்படும் தரவு அது.

கணுக்கோடு:
தரவின் தரத்தையும் பார்ப்போம். நொடிக்கு 44,100 மாதிரி வேகத்தில் 16,384 புள்ளி எடுத்தால் அதிர்வெண் வரைபடத்தில் ஒரு கட்டம் 2.7 ஹெர்ட்ஸ். 150 ஹெர்ட்ஸில் அது 1.8 சதவீதம், ஏறத்தாழ 31 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). இதை வைத்துக்கொண்டு "விகிதம் 2.003" என்று மூன்று தசமத்தில் எழுதினால் எப்படி ஏற்பது? புள்ளிகளைக் கூட்டினாலும் பயனில்லை, அதற்குள் ஓசை அடங்கிவிடும். கைப்பேசியோ இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு என்று ஓசையின் வாலையே வெட்டிவிடுகிறது. கணக்கு சரியாக இருந்தும் முடிவு தப்பாவது இங்கேதான்.

அலைமுகம்:
அதெல்லாம் திருத்தக்கூடியவை. தனி மைக், 30 செ.மீ. தூரம், சுருக்காத வேவ் கோப்பு. அடியின் முதல் 30 மில்லிநொடியைத் தள்ளிவிட்டு மீதியை எடுக்க வேண்டும். உச்சியின் இருபுறக் கட்டங்களையும் சேர்த்துப் பரவளையம் பொருத்தினால் ஒரு கட்டத்துக்கும் குறைவான துல்லியம் கிடைக்கும். ஒரே அடியை நம்பாமல் இருபது அடிகளின் சராசரியும் சிதறலும் தர வேண்டும்.

வெட்டுத்தட்டு:
இருவரும் மைக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். பிழை அதிகம் வருவது வாத்தியத்தில். முதலில் சுற்றிலும் வார் நுழையும் 16 கண்ணிலும் தட்டிப் பார்த்து, கல்லும் புல்லும் (சிறு மரக்கட்டை) கொண்டு மூட்டில் (தோலின் விளிம்புப் பின்னலில்) அடித்து ஒரே சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் ஒற்றை விட்டக் கணு (தோலின் விட்டத்தில் ஓடும் கணுக்கோடு) உள்ள அதிர்வு, நெருக்கமான இரண்டு அதிர்வெண்களாகப் பிரியும். வரைபடத்தில் இரட்டை உச்சி வரும். அதைப் "புதிய அதிர்வு வகை" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்புவார்.

தொப்பியில் (இடந்தலையில்) ரவை அப்பியிருக்கிறதா இல்லையா என்பதைக் குறிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று இரு தலைகளையும் பிணைப்பதால் இடந்தலையைத் துணியால் அடக்கி ஒருமுறை, திறந்து ஒருமுறை என்று அளப்பது நல்லது. ஈரப்பதத்தில் தோல் இறங்கும். எல்லா அடிகளையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். என்ன சொல் (எந்த அடி) என்றும் எழுத வேண்டும். "நம்" வாசிக்கும்போது மோதிரவிரல் தோலைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அடி அதிர்வு அமுங்கிவிடும். அதில் முதல் ஹார்மோனிக்கைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

புதுசாக ஏதாவது வேண்டுமென்றால் வாத்தியம் செய்யும் பட்டறைக்குப் போகலாம். சோறு ஒரே தடவையில் வைப்பதில்லை. கொஞ்சம் அப்பி, கல்லால் தேய்த்து, அதன்மேல் அடுத்தது. ஒவ்வொரு படலத்துக்கும் அப்பும் எடையைக் குறித்து, உடனே பதிவு செய்யட்டும். 1.59 எந்த எடையில் 2 ஆகிறது என்பது படிப்படியாகத் தெரியும்.

அலைமுகம்:
அருமையான யோசனை. அடி அதிர்வு நடுவில்தான் மிகுதியாக ஆடுகிறது, ஆகவே நடுவில் ஏறும் பாரம் அதைத்தான் அதிகம் இறக்கும். விட்டக் கணு உள்ள வகைகளுக்கு நடுப்புள்ளி அசையாது. அவை குறைவாகவே இறங்கும். விகிதம் ஏறுவதன் காரணத்தை மாணவர் கரும்பலகையில் படிப்பதற்குப் பதில் வரைபடத்திலேயே பார்த்துவிடுவார்.

கணுக்கோடு:
இதை ஏற்கிறேன், ஆனால் ஒரு கேள்வி. எந்தப் படலத்தில் நிறுத்துவது, எங்கே தேய்ப்பது என்று காதால் முடிவு செய்பவர் பட்டறைக்காரர். கட்டுரையில் அவர் பெயர் எங்கே வரும்? கடைசிப் பக்க நன்றியில் மட்டும் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

அலைமுகம்:
கருவியைச் செய்து கொடுத்ததற்கு நன்றி போதும். ஆசிரியர் என்றால் கட்டுரையின் முடிவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும், மதிப்பீட்டாளருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வெட்டுத்தட்டு:
பதில் சொல்ல முடியாதென்று யார் சொன்னது? வரைவைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் பட்டறைக்காரர்தான் முதலில் பிடிப்பார். சோதனையின் படிகளை வகுத்தவர் ஆசிரியர்தான்.

கணுக்கோடு:
அப்படியானால் என் நிபந்தனைகள்: பட்டறைக்காரர் பெயர் ஆசிரியர் வரிசையில், மூல ஒலிக்கோப்புகள் பொதுவில். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் போடும் இதழ் வேண்டாம். இந்திய அறிவியல் அகாதெமி 1996 முதல் நடத்தும் ரெசொனன்ஸ் இதழ் கற்பித்தலுக்கென்றே உள்ளது, முதலில் அங்கே அனுப்பட்டும்.

அலைமுகம்:
ரெசொனன்ஸ் சரி. ஆனால் அனுப்பும் அன்றே ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையத் தளத்தில் முன்வரைவும் ஏற வேண்டும். சதேஜ், அதிகாரி கட்டுரையும் இதழில் வரும் முன் அங்கே ஏறியதுதான். ஆசிரியர் வரிசை பற்றி என் கருத்து மாறவில்லை. பட்டறைக்காரரிடமே கேட்டுவிட்டு வந்து பேசுவோம்.