போர்சலின் (பீங்கான்) கிண்ணத்தின் அடியில் 'எஸ்' விரிசல்: வழி சொல்லுங்களேன்

வணக்கம். புதுச்சேரியில் வீட்டு மாடியில் ஒரு சக்கரம் போட்டு மண்பாண்டம் செய்கிறேன். ஸ்டோன்வேர் என்கிற, அதிக சூட்டில் சுடும் களிமண்ணில் இரண்டு வருடமாகப் பெரிய தொல்லை இல்லை. போன மாதம் ஆசைப்பட்டுப் போர்சலினுக்கு மாறினேன். மண்ணா அது, வெண்ணெய்! கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் சக்கரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது.

சரி, அது கை பழகினால் வந்துவிடும். சிக்கல் வேறு. 12 கிண்ணங்களில் 5-இன் அடியில், நட்ட நடுவில், 'எஸ்' வடிவ விரிசல். காயும்போது மயிரிழை போலத்தான் இருந்தது. தோழியின் கேஸ் சூளையில் 1280 டிகிரியில் சுட்டு எடுத்தால் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது.

அடிமண்ணை விரலால் அழுத்தி இறுக்குகிறேன், தேங்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கிறேன், பிளாஸ்டிக் போட்டு மூடி மெதுவாகத்தான் காயவிடுகிறேன். அப்புறமும் ஏன்? அடி தடிமனாக விட்டுவிடுகிறேனா? ஓரம் இறுகியதும் கவிழ்த்து வைக்க வேண்டுமா? போர்சலினோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்.